அடுப்புக்குள் போன பஸ்

டீச்சர்,

நேற்று சாயங்காலம் என் பேத்தி ஹாசினியின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. எல்.கே.ஜி. பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் கிடக்கிற காலி அட்டைப் பெட்டியில் ஒரு வண்டி செய்து திங்கட்கிழமை கொண்டுவர வேண்டுமாம். என் மகள் ரேவதி அதைப் படித்துவிட்டு, "யம்மா, உன்னோட வேலை வந்துகீது பாரு" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த மளிகைக்கடைப் பெட்டியை இழுத்து மடியில் கவிழ்த்தேன். பசையும் ஈரமும் கலந்த அட்டை வாசனை மூக்கில் ஏறியது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் அடுப்பில் வைத்த பஸ்ஸுக்கும் இதே வாசனைதான்.

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. எனக்கு எழுத்து ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஞாபகம் ஓடும். யார், எந்த இடத்தில், எந்தப் புடவை கட்டிக்கொண்டு என்ன சொன்னார்கள் என்று கேட்டால் சொல்வேன். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபமும் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு நான் செய்ததும் ஞாபகம் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

கோட்டூர்புரம் பாலத்துக்கு அந்தண்டை, அடையாற்றங்கரையில் எங்கள் குடிசைகளை ஒட்டி அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது. மூன்றே அறை. இரண்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பெரிய பிள்ளைகள். ஆற்றைப் பார்த்த மூன்றாவது அறை, மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரைக்குமான குஞ்சுகளுக்கு. ஒரு டிரஸ்ட் நடத்தியது. பெருக்குவது, பிள்ளைகளைக் கழுவிவிடுவது, மத்தியானச் சோறு ஆக்குவது எல்லாம் என் வேலை. பிள்ளைகளுக்கு நான் ஆயா. நாலு வயது ரேவதியும் அந்த அறையில்தான் இருந்தாள். அம்மாக்கள் எல்லாம் அடையாறில் வீட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த அறை இல்லையென்றால் பிள்ளைகளுக்கு ஆற்றுச் சேறுதான். முந்தின மழைக்காலத்தில் ஒரு பிள்ளையை ஆறு கொண்டுபோயிருந்தது. அதை மறந்துவிட்டு அந்த அறையைப் பற்றிப் பேச முடியாது.

நீங்கள் மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய முதல் நாள், பழைய டீச்சர் விட்டுப்போன சிலேட்டுகளையெல்லாம் கழுவித் துடைத்து அடுக்கி வைத்திருந்தேன். "எங்க வைக்கட்டும் டீச்சர்?" என்று கேட்டேன். "மேல பரண்ல வெச்சுடுங்கோ வள்ளியம்மா, இப்போதைக்கு வேண்டாம்" என்றீர்கள். கழுவினவளுக்கு எப்படி இருக்கும்? சோம்பேறி டீச்சர் வந்திருக்கிறது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் நான் சோற்றுக்கு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து என்னைச் சுற்றி உட்கார வைத்தீர்கள். கல் ஒரு பக்கம், நெல் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம். எது ஜாஸ்தி, எது கம்மி என்று கேட்டீர்கள். அவ்வளவுதான் பாடம். மறுநாள் புளியங்கொட்டை. அதற்கு மறுநாள் ஆற்றுமணலைத் தட்டில் கொட்டி விரலால் கோடு. என் மனசில் இருந்ததை நான் மறைக்கவில்லை, நேராகவே கேட்டேன்.

"இன்னா டீச்சர், இதுங்க எப்போ எய்தக் கத்துக்கறது?"

"முதல்ல விரல் பழகட்டும், வாய் பழகட்டும். எழுத்து எங்கயும் ஓடிப் போயிடாது வள்ளியம்மா."

தண்ணிக் குழாயடியில் எனக்குத்தான் பேச்சு விழும். "உங்க டீச்சரு புள்ளைங்கள மண்ணுல வுட்டுட்டு வேடிக்க பாக்குதாமே? அதுக்கு எங்கூட்டு வாசல்லயே வுட்டுட்டுப் போவேனே!" என்பாள் ஒருத்தி. "நம்ப புள்ளைங்களுக்கு இது போதும்னு வந்துகீது போல" என்பாள் இன்னொருத்தி. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அந்த இரண்டாவது பேச்சு எனக்கு உறுத்தியது. முதல் மூன்று வாரம் நீங்கள் நான் ஆக்கிய சோற்றைத் தொடாமல் உங்கள் டப்பாவிலிருந்தே சாப்பிட்டீர்கள். நாலாவது வாரம் ஒரு நாள் பிள்ளைகளோடு தட்டை நீட்டினீர்கள். ஏன் அதுவரை இல்லை, ஏன் அப்புறம் உண்டு என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரம்.

பொங்கல் கழிந்ததும் பஸ் ஆரம்பித்தது. உங்கள் வீட்டுக்குப் புதுசாக டி.வி. வந்த பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "இது என்னவா ஆகலாம்?" என்று பிள்ளைகளிடம் கேட்டீர்கள். வீடு என்றது ஒன்று, நாய்க்கூண்டு என்றது ஒன்று. ரேவதிதான் பஸ் என்றாள். அப்புறம் பத்து நாள் அந்த அறையில் வேறு வேலையே கிடையாது. ஜன்னல் வெட்டினார்கள். எண்ணெய் டின் மூடியைச் சக்கரமாக ஒட்டினார்கள். செங்கல்லைத் தேய்த்துச் சிவப்பு பூசினார்கள். பழைய காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட். கண்டக்டர் பிள்ளை, ஏறுகிறவர்களை எண்ணி அத்தனை சீட்டு கிழிக்க வேண்டும். உள்ளேயும் பின்னால் தொங்கியுமாக ஏழு பேர் ஏறி ஆறு டிக்கெட் கொடுத்தால், "யோவ் கண்டக்டரு, ஒண்ணு டிக்கெட் இல்லாம குந்திகினு கீது!" என்று கூச்சல். முன்னால் மாட்ட மூன்று போர்டு எழுதிக் கொடுத்தீர்கள். மயிலாப்பூர், தி.நகர், சைதாப்பேட்டை. போர்டு மாறினால் பஸ் வேறு ஊருக்குப் போகும். தப்பான பஸ்ஸில் ஏறின பிள்ளை பாதியில் இறங்கி அழ வேண்டும். அழுகிற வேலைக்குத்தான் போட்டி.

அப்போது டிரஸ்டிலிருந்து தகவல் வந்தது. வியாழக்கிழமை செக்ரட்டரி அம்மாள் வந்து சின்னப் பிள்ளைகள் அறையைப் பார்ப்பார். பிடித்திருந்தால் அறை இருக்கும், கூரையும் மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் அந்த வருஷத்தோடு மூடிவிட்டு, இடத்தைப் பெரிய வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். இதை நீங்களே என்னிடம் சொன்னீர்கள். ஆனால் அந்த அம்மாளுக்கு நீங்கள் கடிதம் எழுதி, அதில் பஸ்ஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்ததைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை டீச்சர்? ஆயாவுக்கு எதற்கு என்றுதானே?

இப்போது என்னுடையதைச் சொல்கிறேன். எனக்கு எட்டு வயதில், நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். என் பாவாடை முடிச்சில் புளியங்கொட்டை இருந்தது. எழுந்து நின்றபோது முடிச்சு அவிழ்ந்து அவர் காலடியில் சிதறிவிட்டது. இன்ஸ்பெக்டர் போனதும் வாத்தியார் பிரம்பு முறியும் வரைக்கும் அடித்தார். அதற்கப்புறம் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. அவர் முகம், மூக்குக்கண்ணாடியில் கட்டியிருந்த நூல், எல்லாம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். பெரிய மனுஷர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் விளையாட்டுச் சாமான் கண்ணில் படக்கூடாது. பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலையில், வருகிறவர்களுக்கு எங்கள் சந்து தெரியாது என்று நீங்கள் மெயின் ரோடு வரைக்கும் போனீர்கள். "பசங்களைப் பாத்துக்கோங்கோ, இதோ வந்துடறேன்." அரை மணி நேரம். பரண்மேல் ஏறிச் சிலேட்டுகளை இறக்கினேன். மணல் தட்டை ஆற்றில் கொட்டினேன். புளியங்கொட்டையை அரிசி டிரம்மில் போட்டு மூடினேன். பஸ்ஸை மட்டும் எங்கே வைப்பது? அவ்வளவு பெரிசு. அடுப்பிலோ பச்சை விறகு பற்றாமல் புகைந்துகொண்டிருந்தது, வருகிறவர்களுக்கு டீ போட வேண்டும். காலால் மிதித்து நாலாக மடக்கினேன். உள்ளே வைத்தேன். குப்பென்று பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒன்றும் அழவில்லை. அதை நான் நல்லது என்று நினைத்தேன்.

நீங்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது பதினெட்டுப் பிள்ளைகளும் கைகட்டி வரிசையாக உட்கார்ந்து அ, ஆ சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அது ஒரு நல்ல ஆச்சரியமாக இருக்கும் என்றுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள், மூலையைப் பார்த்தீர்கள்.

செக்ரட்டரி அம்மாள் கேட்டார்: "பஸ் எங்க? கடிதாசுல படிச்சுட்டு அதப் பாக்கத்தானே வந்தேன்?"

ரேவதி எழுந்து நின்றாள். கைகட்டை அவிழ்க்காமலே சொன்னாள்.

"பஸ்ஸு அட்ப்புல கீது."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "நான்தான் எல்லாத்தையும் எடுத்துடச் சொன்னேன். நீங்க வரேள்னதும் கொஞ்சம் பயந்துட்டேன்."

"நீங்களே நம்பாததை நாங்க எப்படிம்மா நம்பறது?" என்றார் அவர். டீ குடிக்கவில்லை. ஆடை படிந்த டம்ளர்களை நான்தான் கழுவினேன்.

அவர்கள் போனதும் நீங்கள் அடுப்பண்டை வந்தீர்கள். சக்கரத்து மூடி ஒன்று சாம்பலில் கறுத்துக் கிடந்தது. அதைக் குச்சியால் வெளியே தள்ளினீர்கள். சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே வள்ளி" என்றீர்கள்.

வள்ளி. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் ஒரு நாள்கூட நீங்கள் என்னை வள்ளி என்று கூப்பிட்டதில்லை. என் அம்மா வேலைக்குப் போன வீடுகளில் ஆறு வயசுப் பிள்ளைகூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். நீங்கள் ஒருத்திதான் முதல் நாளிலிருந்து வள்ளியம்மா என்றீர்கள். அந்த 'அம்மா' அன்றைக்குப் போயிற்று. உங்களுக்கு வயிறு எரிந்திருக்கும், வாய் தவறியிருக்கும். இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு என் காதில் அதுதான் விழுந்தது. மற்றொன்று, எனக்காகப் பொய் சொல்லுங்கள் என்று நான் கேட்டேனா? என் தப்பைச் சொல்ல எனக்கு வாய் இல்லையா?

அன்றிலிருந்து நான் உங்களோடு பேசவில்லை. மூன்று மாசம். "டேய், டீச்சராண்ட போய்ச் சொல்லு, சோறு ஆயிட்ச்சு." நீங்களும் விடவில்லை. "ஆயாகிட்ட சொல்லு, ரசம் இன்னிக்கு நன்னாருக்கு." நடுவில் ஓடுகிற பிள்ளைகளுக்கு அது ஒரு புது ஆட்டம். தகவலை எடுத்துக்கொண்டு முறை வைத்து ஓடினார்கள். வராத தகவலையும் இட்டுக்கட்டிச் சொன்னார்கள். "ஆயா, டீச்சரு உன்ன அழ்காகீறேன்னு சொல்ச்சு" என்று ஒரு நாள் ஒன்று வந்து சொன்னது. உலக்கையைக் காட்டி விரட்டினேன்.

பத்தே நாளில் டிரஸ்டிலிருந்து கடிதம் வந்தது. ஏப்ரலோடு அறை மூடல். உங்களைத் தங்கள் இன்னொரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் போடுகிறார்கள். கடிதத்தை நீங்கள் மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரேவதியைக் கூட்டிக்கொண்டு தி.நகர் போகக் கிளம்பினேன். பஸ் வந்தது. போர்டைப் படிக்கிறதுக்குள் பஸ் போய்விடும் எனக்கு, அதனால் எப்போதும் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கேட்டுத்தான் ஏறுவேன். அன்றைக்கு யாரும் இல்லை. ஏறப் போனேன். ரேவதி புடவையைப் பிடித்து இழுத்தாள். "யம்மா, ஏறாத, இது சைதாப்பேட்ட. தி.நகர் போர்டு இப்டி இருக்காது" என்றாள். கண்டக்டரைக் கேட்டேன். சைதாப்பேட்டைதான். சிலேட்டைத் தொடாத பிள்ளை, டீச்சர். நடுரோட்டில் நின்றுவிட்டேன். எதை அடுப்பில் வைத்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கேட்டுக் கேட்டு, பிரிட்ஜ் வந்த பெட்டி ஒன்று வாங்கினேன். எந்த பஸ்ஸிலும் ஏற்றவில்லை. தலையில் வைத்துக்கொண்டு நந்தனம் வழியாக நடந்தேன். "இன்னாம்மா, பிரிட்ஜ் வாங்கிட்டியா?" என்றான் ஒரு ரிக்‌ஷாக்காரன். "பொட்டிதான் குட்தாங்கோ நைனா, பிரிட்ஜ நீ வாங்கிக் குடு" என்றேன். பாலத்தில் காற்று பெட்டியையும் என்னையும் சேர்த்துத் தள்ளியது. ரேவதி பின்னாலிருந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "ரைட், ரைட்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை அதை அறை வாசலில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். நீங்கள் அதைச் சுற்றி வந்தது தெரிந்தது. "ஆயாகிட்ட சொல்லு, டபுள் டெக்கரே பண்ணலாம் போலிருக்கு." நான் பதில் அனுப்பவில்லை. வடிகஞ்சியில் மாவு கரைத்துப் பசை காய்ச்சி அனுப்பினேன்.

அந்த மாடி பஸ்ஸைப் பார்க்க டிரஸ்டிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் எங்கள் குழாயடிப் பெண்கள் வந்தார்கள், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக. உங்களைப் பேசினவள்தான் மேல்மாடியில் தலையை விட்டு, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டு நின்றாள். வந்து என்ன? கடிதம் கடிதம்தான். ஏப்ரல் வந்தது.

கடைசி நாள் பிள்ளைகளை உட்கார வைத்து, "பஸ்ஸை என்ன பண்ணலாம்?" என்று கேட்டீர்கள். எனக்குக் கேட்டது. ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் எல்லாம் ஒரே குரலாகச் சொன்னது. பஸ்ஸு அடுப்புக்குத்தான் போகணும், அதுதான் டிப்போ, போன பஸ்ஸும் அங்கதான் கீது. நீங்களும் பிள்ளைகளுமாக அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்தீர்கள்.

"கேட்டாச்சு. எல்லாரும் சரின்னுட்டா. எடுத்துக்கோங்கோ வள்ளியம்மா."

மூன்று மாசம் கழித்து நேராக உங்கள் முகத்தைப் பார்த்தேன். "போ டீச்சர், நான் போட மாட்டேன்" என்றேன். வாய் தவறி 'போ' என்றுதான் வந்தது. நீங்கள் சிரித்தீர்கள். வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. பஸ்ஸை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுத்த மழையில் ஆறு வீட்டுக்குள் வந்தபோது அது கரைந்தது. கரை நெடுகக் காலி செய்து எங்களைக் கண்ணகி நகருக்கு அனுப்பினபோது தி.நகர் போர்டு மட்டும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகாமல் இல்லை. அறை மூடினதும் நாலைந்து பேர் அம்மாக்களோடு வேலை வீட்டுக்கே போனார்கள், இரண்டு பேர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. யார் யார் என்று எனக்குத் தெரியும். அது என்னால்தான்.

அதற்கப்புறம் நீங்கள் இரண்டு தரம் ஆள் விட்டீர்கள், வந்து பாருங்கள் என்று. நான் வரவில்லை. வள்ளி என்றதை மனசில் வைத்துக்கொண்டுதான் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

போன மாசம் மயிலாப்பூரில் உங்களுக்காகக் கூட்டம் வைத்தார்கள். ரேவதியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்த செக்ரட்டரி அம்மாள், இப்போது கைத்தடி ஊன்றிக்கொண்டு, மைக்கில் பேசினார். "அருமையான டீச்சர். ஒரே ஒரு நாள் மட்டும் தைரியம் போயிடுத்து, நாங்க வரோம்னு பயந்து எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லிட்டா. அதுல ஒரு நல்ல வகுப்பு போச்சு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ரேவதி என் கையைக் கிள்ளினாள். நான் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் முந்திக்கொண்டதால் வாய் திறக்கவில்லை என்று முப்பது வருஷமாக உங்கள் மேல் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தரம் முந்துவதற்கு நீங்கள் இல்லை. அப்போதும் வாய் திறக்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். ரேவதி இதைப் பிழை திருத்தி இன்னொரு தாளில் எழுதி, அந்த அம்மாளுக்குத் தபாலில் போடுவாள். அவர் படித்துவிட்டு என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். உங்கள் பேரில் அது நிற்கக்கூடாது.

ஹாசினியின் பெட்டியில் ஜன்னல் வெட்டியாகிவிட்டது. முன்னால் போர்டு மாட்ட வேண்டும். திங்கட்கிழமை அது பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்ததும் என்ன செய்வது என்று இன்றைக்கே அவளைக் கேட்டேன். இந்த வீட்டில் ஒரு காய்ந்த இலையைக்கூட, ஒரு மூடியில்லாத பேனாவைக்கூட, கேட்காமல் நான் எடுத்துப் போடுவதில்லை. "குப்ப வண்டிக்காரன்கூட உன்னாண்ட கேட்டுகினுதான் எட்த்துகினு போவணும்" என்று ரேவதி திட்டுகிறாள். திட்டட்டும். 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே வள்ளி' என்றீர்களே, அதில் முன்பாதியை நான் எடுத்துக்கொண்டேன் டீச்சர். கடைசியில் சொன்ன பேரை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், தன் கையாலேயே பஸ்ஸைக் கொளுத்திய
வள்ளியம்மா